கார்புரேட்டரிலிருந்து த்ராட்டில் பாடி வரை: சிறிய மோட்டார் சைக்கிளின் காற்று வழி

சிறிய மோட்டார் சைக்கிளின் வேகத்தைக் கூட்ட விரும்பியவர்கள் எந்தக் காலத்திலும் முதலில் கை வைத்தது எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில்தான். அதற்குக் காரணம் உண்டு. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றுவது எளிது, காற்றைக் கூடுதலாக உள்ளே கொண்டுவருவதுதான் கடினம். 100 சிசி கொண்ட நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 8,000 சுற்று சுற்றும்போது 4,000 முறை மூச்சு இழுக்கிறது. சிலிண்டர் ஒவ்வொரு முறையும் முழுதாக நிரம்பினால் நிமிடத்துக்கு 400 லிட்டர் காற்று உள்ளே போயாக வேண்டும். அதே அளவுள்ள இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் இழுப்பு இரண்டு மடங்கு. இவ்வளவு காற்றும் ஃபில்டர் பெட்டி, ரப்பர் குழாய், சுமார் இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு துளை ஆகியவற்றைக் கடந்துதான் வர வேண்டும். இவற்றில் ஏதாவது ஓரிடம் நெருக்கினாலும் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். அந்த வழியை அகலப்படுத்துவதும், அகலப்படுத்திய வழிக்கு ஏற்பப் பெட்ரோலை அளந்து கொடுப்பதும் சேர்ந்த கலையே ட்யூனிங். இந்தியாவில் அதன் வரலாற்றுக்கு சுமார் எழுபது வயது. அதில் பெரும்பங்கு சென்னையைச் சுற்றியே நடந்திருக்கிறது.

காற்றில் பெட்ரோலை அளந்து கலக்கும், மிதவையும் நுண்துளை ஜெட்டும் கொண்ட கார்புரேட்டரை 1890-களில் ஜெர்மனியின் வில்ஹெல்ம் மேபாக் உருவாக்கினார். மோட்டார் சைக்கிளுக்கு அதை எளிமையான வடிவில் பொருத்திக் கொடுத்தவர்கள் ஆங்கிலேயர்கள். அமாக், பிரவுன் அண்ட் பார்லோ, பிங்க்ஸ் என்ற மூன்று நிறுவனங்கள் 1927-இல் ஒன்றாகி ‘அமால்’ ஆயின. பர்மிங்ஹாமில் செய்யப்பட்ட அமால் கார்புரேட்டர்தான் பல பத்தாண்டுகளுக்கு உலகத்து மோட்டார் சைக்கிள்களின் மூக்காக இருந்தது. ஜப்பானின் மிக்குனி நிறுவனமும் அமாலிடம் உரிமம் பெற்றே இத்துறையில் வளர்ந்தது.

இந்த வகைக் கார்புரேட்டரின் அமைப்பைச் சற்று விரிவாகப் பார்ப்பது அவசியம், ஏனெனில் பின்னால் நடந்தவை எல்லாம் இதிலிருந்தே பிறந்தன. ஆக்சிலேட்டரைத் திருகினால் கேபிள் ஒரு ஸ்லைடை மேலே இழுக்கும். ஸ்லைடு உயர உயரக் காற்று வழி திறக்கும். ஸ்லைடின் அடியில் தொங்கும் கூம்பு வடிவ நீடிலும் கூடவே உயர்ந்து, பெட்ரோல் வரும் துளையை அகலமாக்கும். ஐட்லிங்கில் பெட்ரோலை அளப்பது ஸ்லோ ஜெட், நடுவேகத்தில் நீடில், முழு வேகத்தில் மெயின் ஜெட். ஐட்லிங்கில் காற்றைத் திருத்தும் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருப்பினாலே எஞ்சினின் சத்தம் மாறும். அளவைத் தீர்மானிக்கும் பாகங்கள் பெரும்பாலும் பித்தளையில் செய்தவை. கழற்றலாம், ஊதலாம், வேறு எண் மாற்றலாம். ஸ்க்ரூ டிரைவர் வைத்திருந்த எவருக்கும் எஞ்சினின் கணக்கைத் திருத்தும் உரிமை இருந்தது. அந்த உரிமையின் மேல்தான் ஒரு தலைமுறை மெக்கானிக்குகளின் தொழில் நின்றது.

இந்தியச் சாலைகளில் எஞ்சினைத் திருத்தும் அந்த வாய்ப்பு 1950-களில் தொடங்கியது. மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் புல்லட் உருவாகத் தொடங்கியது. மைசூரின் ஐடியல் ஜாவா 1961-இலும், எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத் 1962-இலும் வந்து சேர்ந்தன. மூன்றுமே கனமான பழைய வடிவமைப்புகள். புதிய வண்டி இறக்குமதி செய்ய வழியில்லாத காலம் அது. வேகம் வேண்டுமென்றால் இருக்கிற வண்டியைத்தான் மாற்ற வேண்டும்.

மாற்றியவற்றைச் சோதிக்க ஓரிடமும் கிடைத்தது. செங்குன்றத்துக்கு அப்பால் கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் சும்மா கிடந்தது. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். கொல்கத்தா, பெங்களூரு, கோயம்புத்தூர் எனப் பல ஊர்களிலிருந்தும் வண்டிகள் வந்தன. நீண்ட நேர்கோட்டு ஓடுதளத்தில் ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து வெகுநேரம் ஓட்ட முடிந்தது. மெயின் ஜெட் சரியா தவறா என்பதை அதைவிடக் கடுமையாகச் சொல்லும் இடம் வேறில்லை. பெட்ரோல் சற்றுக் குறைந்தாலும் பிஸ்டன் சூடேறி சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். இந்தியாவில் ட்யூனிங் என்பது செவிவழிக் கதையாக இல்லாமல் ஒரு தொழிலறிவாக உருப்பெற்றதில் சோழவரத்துக்குள்ள பங்கு பெரியது. அதற்குரிய அங்கீகாரம் இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை.

ஓசூரில் தயாரான டிவிஎஸ் 50 மொபெட் 1980-இல் வந்தது. 1982-இல் டிவிஎஸ் ரேசிங் அணி உருவானது. தொழிற்சாலையே பந்தயத்துக்கென ஒரு அணியை வைத்துக்கொள்வது இந்திய இருசக்கர வாகனத் துறைக்குப் புதிது. 50 சிசி எஞ்சினில் வீணாக்க எதுவுமில்லை. காற்று வழியில் ஒரு மில்லிமீட்டர் தவறானாலும் வண்டி பின்தங்கிவிடும். சிறிய எஞ்சின்களே நல்ல ட்யூனர்களை உருவாக்கின என்று சொல்வது மிகையாகாது.

அந்தக் காலத்துச் சிறிய வண்டிகள் பலவற்றில் இருந்த இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினின் காற்று வழியைப் பற்றிய அறிவு கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்தது. அங்கே மோட்டார் சைக்கிள் தயாரித்த எம்ஸட் நிறுவனத்தில் வால்டர் காடன் 1950-களில் செய்த ஆராய்ச்சியே அதன் அடிப்படை. சைலன்சர் குழாயின் வடிவம் எஞ்சினுக்குள் வரும் புதுக் காற்றின் அளவை மாற்றும் என்பதை அவர் நடைமுறையில் நிரூபித்தார். சரியாக விரிந்து சுருங்கும் குழாய், வெளியேறும் புகையின் அழுத்த அலையைக் கொண்டே புதுக் கலவையை உள்ளே இழுக்கும். வெளியே தப்பப் பார்க்கும் கலவையைத் திருப்பித் தள்ளும். 1961-இல் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைத் திறன் கொடுத்தது. அதாவது லிட்டருக்கு 200. அதே ஆண்டு ஸ்வீடனில் நடந்த பந்தயத்தின்போது எம்ஸட் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கு நாடுகளில் தஞ்சம் புகுந்து சுசுகியில் சேர்ந்தார். மறு ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்குப் போனது. ஜப்பானியச் சிறிய வண்டிகளின் எழுச்சிக்குப் பின்னால் காடனின் உழைப்பு இருக்கிறது. காற்று உள்ளே வரும் வழியை, வெளியே போகும் வழியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்பதே அவர் விட்டுச்சென்ற பாடம். பின்னாளில் வெறும் ஃபில்டரை மட்டும் மாற்றி ஏமாந்தவர்கள் பலரும் மறந்தது இதைத்தான்.

1984, 1985-ஆம் ஆண்டுகளில் இந்தியச் சாலையின் முகம் மாறியது. இண்ட்-சுசுகி, ஹீரோ ஹோண்டா, யமஹா என ஜப்பானியக் கூட்டில் 100 சிசி வண்டிகள் அடுத்தடுத்து வந்தன. அவற்றுக்கு நல்ல கார்புரேட்டர் தேவைப்பட்டது. மிக்குனியின் தொழில்நுட்பக் கூட்டுடன் 1985-இல் தொடங்கிய யூகால் நிறுவனம் மறைமலை நகரில் அதைத் தயாரித்தது. அதன் ‘மிக்கார்ப்’ என்ற பெயர் பொறித்த கார்புரேட்டர் பின்னர் புல்லட்டிலும் ஏறியது. பைக் வைத்திருந்த பலருக்கு அந்தப் பெயர் பழக்கம்.

இந்த வண்டிகளில் தனி இடம் பிடித்தது யமஹா ஆர்எக்ஸ் 100. 98 சிசி, 11 குதிரைத் திறன், சுமார் நூறு கிலோ எடை. எஞ்சினுக்குள் போன கலவை திரும்பி வராதபடி ரீட் வால்வு தடுத்தது. 1985 முதல் 1996 வரை தயாரான இந்த வண்டி, ட்யூனிங் கற்க விரும்பியவர்களுக்குப் பாடப்புத்தகமாகவே அமைந்தது. சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் உதிரிப் பாகமும், புதுப்பேட்டையில் கழற்றிய பழைய பாகமும் கிடைத்தன. லேத் பட்டறையில் சிலிண்டரைக் குடைந்து ‘போர்’ பெரிதாக்கலாம், கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் மேனிஃபோல்டு கடையலாம். வேலையின் வரிசை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருந்தது. முதலில் ஃபில்டர் பெட்டியின் மூடியில் துளை போடுவார்கள் அல்லது பெட்டியையே கழற்றிவிடுவார்கள். அடுத்து கார்புரேட்டரின் வாய் பெரிதாகும். அதற்கேற்ப மெயின் ஜெட் மாறும். பிறகு சிலிண்டரின் போர்ட்டை அரத்தால் தேய்த்து உயர்த்துவார்கள். கடைசியில் சைலன்சர்.

எது சரியான ஜெட் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? முழு வேகத்தில் சிறிது தூரம் ஓட்டி, ஆக்சிலேட்டரை மூடாமலே எஞ்சினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் பகுதி காபிப் பொடி நிறத்தில் இருந்தால் கலவை சரி. கருத்துப் புகை படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதாது, பிஸ்டன் ஆபத்தில் இருக்கிறது. இந்தச் சோதனைக்கு எந்த அளவைக் கருவியும் தேவையில்லை. ஆனால் வெளுப்புக்கும் இளம் பழுப்புக்கும் நடுவே உள்ள வேறுபாட்டைக் கண்ணால் பிடிக்கப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும். நல்ல மெக்கானிக் பிளக்கைக் கழற்றும் முன்பே சத்தத்தைக் கேட்டுச் சொல்லிவிடுவார். எழுதி வைக்கப்படாத இந்த அறிவு, பட்டறையில் உதவியாளாக நின்ற பையன்கள் வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போனது.

இதே காலத்தில் தவறான நம்பிக்கைகளும் ஊன்றிவிட்டன. ஃபில்டர் பெட்டி வெறும் தடை என்று கருதி அதை வீசியவர்கள் பலர். உண்மையில் அந்தப் பெட்டிக்கும் அதன் மூக்குக் குழாய்க்கும் அளந்து வைத்த கொள்ளளவும் நீளமும் உண்டு. சில குறிப்பிட்ட வேகங்களில் உள்ளே எழும் அழுத்த அலை, காற்றைச் சிலிண்டருக்குள் கூடுதலாகத் தள்ளும். பெட்டியைக் கழற்றினால் சத்தம் கூடும். சத்தம் கூடியதை வேகம் கூடியதாக எடுத்துக்கொள்வது மனித இயல்பு. நடுவேகத்தில் இழுவை குறைந்திருப்பது மேட்டில் ஏறும்போதுதான் தெரியவரும். தூசி இன்னொரு பகை. நம் சாலையில் ஃபில்டர் இல்லாமல் ஓடிய எஞ்சினில் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் விரைவிலேயே தேய்ந்தன. கார்புரேட்டரின் வாயைத் தேவைக்கு மேல் பெரிதாக்கினால் வேறொரு சிக்கல் வரும். துளை அகன்றால் காற்றின் வேகம் குறையும். மெதுவாகப் போகும் காற்று ஜெட்டிலிருந்து பெட்ரோலைச் சரியாக உறிஞ்சாது. அப்படி மாற்றிய வண்டி ஓடுதளத்தின் கடைசியில் பறக்கும், சிக்னலில் திணறும்.

பந்தயம் 1990-ஐ ஒட்டிச் சோழவரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கட்டப்பட்ட ஓடுதளத்துக்கு மாறியது. அங்கே வளைவுகள் அதிகம். நேர்கோட்டு வேகம் மட்டும் போதாமல், வளைவிலிருந்து வெளியேறும்போது உடனே கிடைக்கும் இழுவையும் முக்கியமானது. பெரிய கார்புரேட்டரே நல்லது என்ற பழைய எண்ணத்தை அந்தத் தளத்தின் வளைவுகள் திருத்தின.

இரண்டு ஸ்ட்ரோக்கின் காலம் புகையால் முடிந்தது. 1996-இலும் 2000-இலும் மாசு விதிகள் இறுகின. ஆர்எக்ஸ் 100 நின்றது. நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள் அந்த இடத்தைப் பிடித்தன. காற்று வழியும் மாறியது. ஹீரோ ஹோண்டா சிபிஸட் 1999-இல் வந்தபோது அதன் கார்புரேட்டரில் ஒரு சிறிய பம்ப் இருந்தது. ஆக்சிலேட்டரைச் சட்டென்று திருகினால் காற்று உடனே பாய்ந்துவிடும், பெட்ரோல் ஒரு கணம் தாமதிக்கும். அந்தக் கணத்தை நிரப்பவே பம்ப். மற்ற வண்டிகளில் வெற்றிட வகைக் கார்புரேட்டர் வந்தது. இதில் ஓட்டுபவரின் கேபிள் ஒரு தகட்டை மட்டுமே திருப்பும். ஸ்லைடைத் தூக்குவது எஞ்சினின் உறிஞ்சு விசை. எவ்வளவு திருகினாலும், எஞ்சின் தாங்கும் அளவுக்குத்தான் வழி திறக்கும். ஓட்டுபவரின் கையிலிருந்து அதிகாரம் நழுவத் தொடங்கியது இங்கேதான்.

முழுதாக நழுவியது ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்தபோது. பெரிய ஜப்பானிய வண்டிகளில் 1980-லேயே அது வந்துவிட்டது. சிறிய வண்டியில் செலவு கட்டுப்படியாகவில்லை. 2003-இல் ஹோண்டா தாய்லாந்தில் விற்ற வேவ் 125i அந்தத் தடையைத் தாண்டியது. இந்தியாவில் 2006-இல் ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்ஐ, 2007-இல் பஜாஜ் பல்சர் 220, 2008-இல் யமஹா ஆர்15, டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 160 எஃப்ஐ, 2009-இல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 500 என வரிசையாக வந்தன. கார்புரேட்டர் இருந்த இடத்தில் த்ராட்டில் பாடி அமர்ந்தது. அது ஓர் அலுமினியக் குழாய்; நடுவே சுழலும் வட்டத் தகடு. அதில் ஜெட்டும் மிதவையும் கிடையாது. காற்றை விடுவது மட்டுமே அதன் வேலை. தகட்டின் கோணத்தையும் குழாயின் அழுத்தத்தையும் சென்சார்கள் அளக்க, ஈசியூ என்னும் சிறு கணினி கணக்குப் போட்டு இன்ஜெக்டரைத் திறந்து மூடுகிறது. 8,000 சுற்றில் ஒரு முழுச் சுழற்சிக்கு 15 மில்லி விநாடிதான். அதற்குள் பெட்ரோலை அளந்து தெளித்தாக வேண்டும்.

இதன் பயனை மலைப்பாதையில் உணரலாம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சென்னையில் ஜெட் சரிபார்த்த வண்டி அங்கே ஏறியதும் பெட்ரோல் மிகுந்து கரும்புகை கக்கும். அழுத்த சென்சார் உள்ள வண்டி தானே அளவைக் குறைத்துக்கொள்ளும்.

இருந்தும் வாங்குவோர் உடனே மனம் மாறவில்லை. பல்சர் 220-இல் இன்ஜெக்ஷனைக் கொண்டுவந்த பஜாஜ், 2009-இல் அதே வண்டிக்குக் கார்புரேட்டரைத் திரும்பப் பொருத்தி விலையைக் குறைத்தது. விற்பனை நன்றாகவே இருந்தது. டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 200 4வி 2016-இல் கார்புரேட்டருடன் வந்து, மறு ஆண்டுதான் இன்ஜெக்ஷன் வடிவமும் கடைக்கு வந்தது. விலை ஒரு காரணம். தெரு முனையில் இருக்கும் மெக்கானிக்கால் கழற்றித் துடைக்க முடியாத ஒன்றை வாங்கத் தயங்கியது இன்னொரு காரணம். அந்தத் தயக்கம் நியாயமானதே.

ட்யூனிங் ஆர்வலர்களுக்குப் புதிய பாடம் தொடங்கியது. 2012-இல் வந்த கேடிஎம் டியூக் 200-இன் த்ராட்டில் பாடி 38 மில்லிமீட்டர். அந்த எண்ணைப் பார்த்தவர்கள் தங்கள் 150 சிசி வண்டிக்கும் பெரிய வாய் வேண்டும் என்று விரும்பினார்கள். மலேசியாவில் இந்தப் பழக்கம் முன்பே வேரூன்றியிருந்தது. 1994 முதல் நடக்கும் கப் பிரிக்ஸ் பந்தயம் அங்கே ‘கப்சாய்’ எனப்படும் சிறிய வண்டிகளின் ட்யூனிங்கைப் பெருந்தொழிலாக வளர்த்திருந்தது. ஆர்15-இன் எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த ஒய்15 வண்டிக்கு 30, 32, 34 மில்லிமீட்டர் த்ராட்டில் பாடிகள் அங்கே கடைச்சரக்கு.

28 மில்லிமீட்டரை 32 ஆக்கினால் விட்டம் கூடுவது நான்கு மில்லிமீட்டர். திறப்பின் பரப்பு கூடுவது 31 சதவீதம். ஆகவே கால்பங்கு திருகியபோதே முன்னைவிட அதிகக் காற்று பாயும். வண்டி துடிப்பாகிவிட்டதாகத் தோன்றும். ஆனால் உச்சத் திறன் கூடியிருக்க வேண்டிய அவசியமில்லை. வால்வும் கேம்ஷாஃப்ட்டும் பழையபடியே இருந்தால், முழுத் திறப்பில் எஞ்சின் விழுங்கும் காற்றும் ஏறக்குறைய பழைய அளவுதான். விற்பனைக்கு வரும் பெரும்பாலான த்ராட்டில் பாடிகள் தருவது இந்தத் துடிப்பை மட்டுமே.

இதைவிடக் கவனிக்க வேண்டியது கலவை. தகட்டின் கோணத்தை நம்பிக் கணக்கிடும் ஈசியூவுக்கு வாய் பெரிதானது தெரியாது. பழைய அட்டவணைப்படியே பெட்ரோல் கொடுக்கும். காற்று மிகுந்து கலவையில் பெட்ரோல் போதாமல் போகும். அழுத்தத்தை அளக்கும் ஈசியூ ஓரளவு சமாளிக்கும். சைலன்சரில் உள்ள ஆக்சிஜன் சென்சார் திருத்திவிடும் என்று பலர் நம்பினார்கள். அது சீரான மிதவேகத்தில், 14.7 என்ற விகிதத்தை ஒட்டித்தான் வேலை செய்யும். ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்தால் ஈசியூ அதைக் கேட்காமல் அட்டவணைக்கே திரும்பிவிடும். எஞ்சினுக்கு ஆபத்து மிகுந்த அதே இடத்தில் திருத்தம் இல்லாமல் போகிறது. அன்று சோழவரத்தில் பிஸ்டனைப் பிடிக்க வைத்த தவறு, வேறு உருவில் திரும்பி வந்தது.

இதற்கு விடையாக வந்தவை ஈசியூவுக்கும் இன்ஜெக்டருக்கும் இடையே பொருத்தும் துணைக் கணினிகள். பெங்களூரின் ரேஸ் டைனமிக்ஸ் தயாரித்த பவர்ட்ரானிக் இந்தியாவில் பரவலாக அறியப்பட்டது. லேப்டாப்பில் ஒரு கட்டம் போட்ட அட்டவணை விரியும். பக்கவாட்டில் சுற்று, மேலே ஆக்சிலேட்டர் திறப்பு, ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். முன்பு மூன்று நான்கு பித்தளைத் துண்டுகளில் அடங்கிய கணக்கு இப்போது நூற்றுக்கணக்கான கட்டங்களில் விரிந்தது. பிளக் நிறத்தைப் பார்த்த கண்களுக்குப் பதில் அகலப்பட்டை ஆக்சிஜன் சென்சாரும் எஞ்சின் திறனை அளக்கும் டைனோவும் வந்தன. துல்லியம் கூடியது உண்மை. ஆனால் அந்தக் கருவிகளின் விலை, தெருவோரப் பட்டறையின் கைக்கு எட்டாதது. ஜெட் எண்களை மனப்பாடமாக வைத்திருந்த அனுபவசாலிகளில் பலர் இந்த இடத்தில் ஒதுங்க நேர்ந்தது. அவர்கள் அறிவு பிழையாகிவிடவில்லை. கலவையில் பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் என்ன சத்தம் போடும் என்பது இன்றும் மாறாத உண்மைதான்.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 மாசு விதிகள் வந்தன. கிலோமீட்டருக்கு ஒரு கிராம் கார்பன் மோனாக்சைடுக்கு மேல் போகக்கூடாது என்ற நிலையில், 100 சிசி வண்டி உட்படப் பெரும்பாலானவை இன்ஜெக்ஷனுக்கு மாறின. கோளாறைத் தானே கண்டறியும் ஓபிடி அமைப்பும் கட்டாயமாகி, 2023-இல் அதன் இரண்டாம் கட்டம் வந்தது. பொருந்தாத பாகத்தைப் போட்டால் எச்சரிக்கை விளக்கு எரியக்கூடும். சட்டமும் இறுகியது. தயாரிப்பாளர் பதிவு செய்த அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், உரிமையாளர் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று வகுத்தது. எனவே காற்று வழியை மாற்றும் கலைக்கு இன்று உரிய இடம் பந்தயத் தளமே. அது இருங்காட்டுக்கோட்டையிலும், 2003-இல் திறக்கப்பட்ட கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் தொடர்கிறது.

அடுத்த மாற்றம் கேபிளையே எடுத்துவிட்டது. 2017-இன் கேடிஎம் 390 டியூக்கிலும், 2020-இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310-இலும் ஆக்சிலேட்டர் ஒரு மின் சைகையை மட்டுமே அனுப்புகிறது. த்ராட்டில் பாடியின் தகட்டை ஒரு சிறு மோட்டார் திருப்புகிறது. எவ்வளவு திறப்பது, எவ்வளவு வேகமாகத் திறப்பது என்பதை ஈசியூ முடிவு செய்கிறது. ஆர்ஆர் 310-இல் மழைக்கு ஓர் அமைப்பு, பந்தயத் தளத்துக்கு ஓர் அமைப்பு என அதை மாற்றிக்கொள்ளலாம். பெரிய வாயுள்ள த்ராட்டில் பாடியை இத்தகைய வண்டியில் பொருத்துபவர், பெட்ரோல் அட்டவணையோடு தகட்டைத் திருப்பும் அட்டவணையையும் புதிதாக எழுத வேண்டியிருக்கிறது.